மண்பூசிய மெய்

போர்ட் பிளேர் நகரின் ஒரு பகுதியாகிய டெய்ரி ஃபார்மில் இன்று தமிழும் வங்கமும் இந்தியும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கின்றன. நகரின் பெயர் 2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. ஆங்கிலேயர் 1858-இல் தண்டனைக் குடியிருப்பை நிறுவுமுன்னர் இத்துறைமுகத்தைச் சூழ்ந்த காடும் கரையும் ஆக்கா-பியா மொழி பேசிய மக்களுக்கு உரியவையாய் இருந்தன. பெரிய அந்தமானியர் எனப்படும் பத்துக் குழுக்களுள் அவர்கள் ஒரு குழுவினர். பத்துக் குழுக்களிலுமாகச் சில ஆயிரம் பேர் அந்நாளில் வாழ்ந்தனர். 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியவர்கள் 625 பேர். அவர்களுள் ஆக்கா-பியா மக்கள் 37 பேர். 1911-இல் அந்த 37 பத்தாகச் சுருங்கியது. தட்டம்மையும் மேகநோயும் துப்பாக்கியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒரு மக்களினத்தை ஏறக்குறைய முற்றாகத் துடைத்தெடுத்தன.

இம்மக்கள் வழிபாட்டுக்கெனக் கட்டடம் எழுப்பியதில்லை. கல்லிலோ மரத்திலோ இறையுருவம் வடித்ததுமில்லை. போர்ட் பிளேருக்கு அண்மையிலுள்ள சௌல்தாரியில் சரீன் கூப்பர் அகழ்ந்த சிப்பிமேடு ஏறத்தாழ 2,200 ஆண்டுப் பழமையுடையது. அங்கே கிடைத்தவை உண்டெறிந்த சிப்பிகளும் விலங்கெலும்புகளும் உடைந்த பானைகளும் கருவிகளுமே. கட்டடமும் இறையுருவமும் இல்லாமை கண்டு, சமயமும் கலையும் இல்லாத மாந்தர் இவர்கள் என்று தொடக்ககால அலுவலர் சிலர் எழுதிவைத்தனர். அவர்கள் தேடிய இடம் தவறு. அந்தமானியரின் சமயச் சிந்தனை முழுவதும் மாந்த உடலின்மேல் எழுதப்பட்டிருந்தது. உயிருள்ள மெய்யே அவர்களுக்குப் படிமமாகவும் ஓவியச் சுவராகவும் இருந்தது. அந்த மெய் மறைந்தபின் அதன் எலும்பே வழிபடுபொருளாயிற்று. மழை ஒருமுறை பெய்தால் கரைந்துபோகும் கலையை அகழாய்வின் மண்வெட்டி எங்ஙனம் கண்டெடுக்கும்?

நல்வாய்ப்பாக, அக்கலை முற்றும் மறையுமுன் அதனைக் கண்டு எழுதியவர்கள் இருவர் உளர். எட்வர்ட் ஹொரேஸ் மேன் 1869-இல் இத்தீவுகளுக்கு அலுவலராக வந்து, ஆக்கா-பியா மொழியைக் கற்று, அம்மக்களின் வாழ்வை 1880-களில் விரிவாக எழுதினார். பின்னர் 1906 முதல் 1908 வரை மானிடவியலர் ராட்கிளிஃப்-பிரவுன் இங்கே ஆய்ந்து, 1922-இல் தம் நூலை வெளியிட்டார். இவ்விருவர் தரும் செய்திகளே இக்கட்டுரையின் அடித்தளம். இருவரும் தந்த விளக்கங்களை நான் முழுதும் ஏற்கவில்லை. அவர்கள் கண்ணால் கண்டு குறித்தவற்றை நம்புகிறேன்.

மூன்று மண்கள் அவர்களிடம் இருந்தன. முதலாவது, சாம்பல் நிறக் களி. நீரில் குழைத்து உடலெங்கும் அள்ளிப் பூசப்படுவது. இரண்டாவது, தூய வெண்களி. நுண்ணிய கோலங்களுக்கு மட்டும் உரியது, எளிதில் கிடைக்காதது. மூன்றாவது, செங்காவி. மஞ்சட்காவி மண்ணை நெருப்பிலிட்டுச் சுட்டு, சிவந்தபின் பொடித்து, பன்றி அல்லது கடலாமைக் கொழுப்பில் குழைத்துச் செய்தனர். மூன்றும் மண்ணே ஆயினும் ஒன்றின் பணியை மற்றொன்று செய்யாது. எதை, எப்போது, யார், யார்மேல் பூசலாம் என்பதற்கு வரையறை இருந்தது.

செங்காவி செய்யும் முறையில் ஒரு வேதியியல் ஒளிந்திருக்கிறது. மஞ்சட்காவிக்கு அந்நிறத்தைத் தருவது நீர்க்கூறு பிணைந்த ஓர் இரும்புக் கனிமம். 250 முதல் 300 பாகை வரை சூடேறும்போது நீர்க்கூறு பிரிந்து வெளியேற, எஞ்சுவது இரும்பு ஆக்சைடு, அதுவே சிவப்பு. சமையல் நெருப்பு அந்த வெப்பத்தை எளிதில் எட்டிவிடும். காவியை மாந்தர் பயன்படுத்திவந்த காலம் மிக நெடியது. தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் காவியை அரைத்துக் குழைத்துச் சிப்பிக்குள் வைத்திருந்த கருவித்தொகுதி ஏறத்தாழ 1,00,000 ஆண்டு முந்தியது. ஆத்திரேலியாவின் முங்கோ ஏரிக்கரையில் 40,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஓர் ஆடவரின் உடல்மேல் செங்காவி தூவப்பட்டிருந்தது. ஓவியத்தின் வரலாற்றைக் குகைச் சுவரிலிருந்து தொடங்குவது நம் பாடநூல் வழக்கம். சுவருக்கு முன்பே தோல் தீட்டப்பட்டிருக்கக் கூடும் என்றே நான் எண்ணுகிறேன். தோல் எஞ்சாது, சுவர் எஞ்சும், ஆகவே சுவர் முந்திக்கொண்டது.

வெண்களியின் வெண்மைக்குக் காரணம் வேறு. அதன் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள். அவற்றுக்குத் தனி நிறமில்லை. தகட்டுக்கும் இடைவெளிக்கும் ஒளிவிலகல் எண் வேறுபடுவதால் ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது, அச்சிதறலே வெண்மை. ஈரமாக இருக்கையில் இடைவெளிகளை நீர் நிரப்பியிருக்கும். களியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.56, நீருடையது 1.33. வேறுபாடு சிறிது, சிதறலும் சிறிது. நீர் உலர்ந்து அவ்விடத்தைக் காற்று நிரப்பும்போது அந்த எண் 1 ஆகிவிட, வெண்மை பளீரென எழுகிறது. நீரில் குழைத்த திருநீற்றை நெற்றியில் இட்டவர் அனைவரும் இதை அறிவர். இட்ட கணத்தில் மங்கித் தோன்றி, சிறிது பொழுதில் மூன்று வரிகளும் வெளுத்து ஒளிரும். அந்தமானியப் பெண் தன் கணவனின் மார்பில் இட்ட கோலமும் அவ்வாறே அவன் எழுந்து நடக்கையில்தான் மெல்ல வெளிப்பட்டிருக்கும். கொழுப்பில் குழைத்த செங்காவியோ உலர்வதில்லை. கொழுப்பு இடைவெளிகளை விட்டு நீங்காது. ஆகவே அதன் சிவப்பு ஈரமண்ணின் ஆழத்தோடும் மினுக்கோடும் நிலைத்திருக்கும். நீரும் அதை எளிதில் கழுவாது.

இனி, ஏன் பூசினர்? அவர்களைக் கேட்டவர்களுக்கு அவர்கள் சொன்ன விடை மணத்தைப் பற்றியது. பன்றியையும் கடலாமையையும் உண்டபின் உடலிலிருந்து ஒரு மணம் எழும். காட்டிலும் கடலிலும் திரியும் ஆவிகள் அம்மணத்தை மோப்பம் பிடித்து வந்து நோயைத் தரும். களி பூசினால் மணம் அடங்கும். உண்டபின் மூண்ட உடல்வெம்மையைக் களி தணிக்கும் என்ற விளக்கத்தை மேன் குறித்துள்ளார். சிறிய அந்தமான் தீவின் ஓங்கே மக்களிடையே 1980-களில் ஆய்ந்த விஷ்வஜித் பாண்டியா இச்சிந்தனை எவ்வளவு ஆழமானது என்று காட்டினார். ஓங்கேயர்க்கு ஓர் ஆளின் அடையாளமே அவருடைய மணம். எலும்பு என்பது இறுகித் திண்மையான மணம். மணம் மிகுதியாக வெளியேறினால் உடல் தளரும், ஆவிகள் நெருங்கும். முகத்திலும் உடலிலும் இடப்படும் களிக்கோலம் அந்த வெளியேற்றத்தைத் தடுத்தும் திறந்தும் ஆளும் வாயில்.

இவ்விளக்கங்களை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட இயலாது. ஊனுணவைச் செரிக்கையில் அதன் புரத ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காடு வெப்பமாகவே வெளியேறுகிறது. பெருவிருந்துக்குப் பின் உடல் காய்வது மெய்யான நிகழ்வு. ஈரக்களியில் உள்ள நீர் ஆவியாகும்போது கிராமுக்கு ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. 60 கிலோ எடையுள்ள உடலின் வெம்மையை ஒரு பாகை குறைக்க ஏறக்குறைய 210 கிலோஜூல் வேண்டும். ஆக, 100 கிராமுக்குச் சற்றுக் குறைந்த நீர், முழுதும் உடல்வெப்பத்தாலேயே ஆவியானால் அது போதும். எனினும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இத்தீவுகளின் காற்று நீர்மிகுந்தது. ஆவியாதல் மெதுவாகவே நிகழும். வெப்பத்தின் ஒரு பகுதியைச் சூழ்ந்த காற்றும் தரும். பயன் உண்டு, அளவாக உண்டு. மணத்தின் செய்தியும் அத்தகையதே. களித்தகடுகளின் பரப்பு கொழுப்பையும் வியர்வையின் கூறுகளையும் ஒட்டி ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. எண்ணெய்க் கறையை எடுக்க உலகெங்கும் களிமண்ணையே நாடினர்.

பூச்சியின் பங்கை அண்மைக்கால ஆய்வு ஒன்று காட்டியுள்ளது. அங்கேரி நாட்டின் காபோர் ஹோர்வாத் குழுவினர் மாந்த அளவிலான பொம்மைகளைப் பசைபூசி வெயிலில் நிறுத்தினர்: ஒன்று கரும்பழுப்பு, ஒன்று வெளிர்நிறம், ஒன்று கரும்பழுப்பின்மேல் வெள்ளை வரிகள் தீட்டியது. 2019-இல் வெளியான முடிவின்படி, வரி தீட்டாத பழுப்புப் பொம்மை, வரி தீட்டியதைப் போல் பத்து மடங்கு குதிரை ஈக்களை ஈர்த்தது. வெளிர்நிறப் பொம்மைகூட வரி தீட்டியதைவிட இரு மடங்கு ஈக்களைப் பெற்றது. நமீபியாவின் ஹிம்பா மக்கள் பூசும் செங்காவி புற ஊதாக்கதிரைத் தடுப்பதும் ஆய்வில் உறுதியாகியுள்ளது; ஆனால் அடர்ந்த மரநிழலில் வாழ்ந்த அந்தமானியர்க்கு வெயில் அத்துணைப் பெரிய பகையாய் இருந்திராது.

இவ்வளவும் சேர்ந்தும் கோலத்தை விளக்கா. வெப்பம் தணிக்கவும் ஈயை விரட்டவும் களியை அள்ளிப் பூசிவிட்டால் போதும், அல்லது நாலு வரி இழுத்தால் போதும். அந்தமானியப் பெண்டிர் அத்துடன் நின்றாரில்லை. பூசிய களியை விரல்நுனியால் வழித்தெடுத்துக் கீழுள்ள கருந்தோல் கோடாகத் தெரியுமாறு செய்தனர்; வளைகோடும் கட்டமும் குறுக்குவரியும் அமைத்தனர்; வெண்களியால் மார்பிலும் முதுகிலும் கன்னத்திலும் பொறுமையாய் நுண்கோலம் இட்டனர். மனைவி கணவனுக்குத் தீட்டினாள். பெண்கள் ஒருவருக்கொருவர் தீட்டிக்கொண்டனர். தன் முதுகில் தானே தீட்டிக்கொள்ள எவராலும் இயலாது. ஆகவே கோலம் தாங்கிய ஒவ்வோர் உடலும், இன்னொருவரின் கை அதன்மேல் நெடும்பொழுது இருந்தது என்பதற்குச் சான்று. உடலணி ஒருவரைக் குமுகத்தோடு கட்டுகிறது, குமுகத்தின் காப்பை அவருக்கு உணர்த்துகிறது என்று ராட்கிளிஃப்-பிரவுன் முடிவு கட்டினார். அம்முடிவு பொதுவாக உண்மையே. ஆயினும் அவர் தீட்டும் கையைவிடக் குமுகம் என்னும் கருத்தையே பெரிதாகக் கண்டார். ஒரு பெண்ணின் கைத்திறம், அவள் கண்டுபிடித்த புதுவரி, அது பிறரால் பாராட்டப்பட்டது ஆகியவை அவர் நூலில் மிகக் குறைவு. தமிழகத்தில் வாயிற்கோலத்தை ஆய்ந்தோரும் நெடுங்காலம் இக்குறையோடே எழுதினர்.

பெரிய அந்தமானியர் தோலில் மண்ணைப் பூசியதோடு நில்லாமல் தோலையே கீறினர். படிகக்கல் சில்லாலும், பின்னாளில் கப்பல்வழி வந்த குப்பிக் கண்ணாடிச் சில்லாலும், சிறுவயது தொட்டு உடலெங்கும் சிறு கீறல்களைப் பெரும்பாலும் பெண்களே இட்டனர். ஆறியபின் அவை வரிசை வரிசையான தழும்புகளாயின. ஓங்கேயரிடம் இவ்வழக்கம் இல்லை.

பெண் பூப்பெய்திய காலத்துச் சடங்கு தனித்துச் சொல்லத் தக்கது. அவள் தாழை இலைகளை அணிந்து, குடிலில் கைகால் மடக்கி மூன்று நாள் அசையாமல் அமர்ந்திருப்பாள். அதன்பின் அவளுக்குப் புதிய பெயர் வரும். அப்பருவத்தில் காட்டில் எம்மரம் பூத்திருக்கிறதோ அதன் பூவே பெயர். ஆண்டின் பருவங்களையும் அம்மக்கள் பூக்களின் மணவரிசையாலேயே பகுத்தனர். ஒரு கொடி பூத்து ஓய, மற்றொரு மரம் பூக்கத் தொடங்கும். காட்டின் மணம் மாறும். காலம் மாறியது என்று மூக்கே சொல்லும். மணத்தால் ஆவியும், மணத்தால் பருவமும், மணத்தால் பெயரும் அமைந்த ஒரு பேரமைப்பின் நடுவே அவளுடைய உடல் வைக்கப்பட்டது. ஆண்மகன் வளர்ந்து ஆமையூனை முதன்முறை உண்ணும் சடங்கிலும் அவன் உறங்காமல், பேசாமல், நீர்ப்பருத்தி இலைமேல் அமர்ந்திருக்க வேண்டும். களி அவன் மேனியைக் காக்கும். உண்ணும் வாயும் உண்ணப்படும் உயிரும் ஒன்றையொன்று அஞ்ச வேண்டியவை என்ற உணர்வு இச்சடங்குகளின் உள்ளே ஓடுகிறது. வேட்டையை நம்பி வாழ்ந்தோர் உணவுக்குக் காட்டிய இப்பணிவு, மிக உயர்ந்த சமயச் சிந்தனை.

இறப்பு நேர்ந்ததும் மண்ணின் முறை மாறும். துயர்காப்போர் செங்காவியையும் வெண்களியையும் விலக்குவர். சாம்பற்களியை உடலெங்கும் அப்பி, தலையிலும் ஓர் உருண்டை வைத்துக்கொள்வர். ஆடல் இல்லை, அணி இல்லை. இறந்தவர் பெயரை எவரும் சொல்வதில்லை. பிணத்தைக் கைகால் மடக்கி இலைகளால் சுற்றி ஆழமில்லாக் குழியிற் புதைப்பர். நல்ல வயதில் இறந்தோரை மரத்தின்மேல் கட்டிய பரணில் ஏற்றி வைப்பதும் உண்டு. அதுவே உயர்ந்த முறை. குடியிருப்பைக் காலி செய்துவிட்டு எல்லோரும் அகல்வர். சில திங்கள் கழித்து மீண்டு வந்து எலும்புகளைத் திரட்டுவர். கடலிலோ ஓடையிலோ அவற்றைக் கழுவி, ஊருக்குக் கொணர்ந்து, அவற்றின்மேல் அழுது, செங்காவியும் வெண்களியும் பூசுவர். மண்டையோடு கோலம் பெற்று, கயிற்றில் தொங்கி, மனைவியின் அல்லது தாயின் முதுகிலோ தோளிலோ அமரும். கீழ்த்தாடை தனியே அணியப்படும். சிற்றெலும்புகள் மாலையாகும். தலைநோவு வந்தால் அம்மாலையைத் தலையிற் கட்டிக்கொள்வர். ஆவிகளை அகற்றும் ஆற்றல் உறவினரின் எலும்புக்கு உண்டு. பிறகு ஒரு நாள் துயர்நீக்கும் ஆடல். சாம்பற்களி கழுவப்பட்டுச் செங்காவி மீண்டும் மேனிக்கு வரும்.

எலும்பைத் தேர்ந்ததிலும் உடற்கூற்றறிவு உண்டு. கீழ்த்தாடை மண்டையோட்டின் ஏனைய எலும்புகளைப் போலப் பொருந்து கோட்டால் இணைக்கப்பட்டதன்று. மூட்டும் தசைநாரும் மட்டுமே அதைப் பிடித்திருக்கின்றன. வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்ணில் அவை விரைவில் சிதைய, தாடை தானே கழன்றுவிடும். வளைந்த அதன் வடிவம் கயிற்றில் தொங்க இயல்பாகவே ஏற்றது. ஆகவே தாடை தனியாக அணியப்பட்டதற்கு வெட்டும் பிளப்பும் தேவைப்படவில்லை. காலமும் மண்ணும் செய்து தந்த பிரிவை அவர்கள் ஏற்றனர். எலும்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு சுண்ணாம்பும் பாசுவரமும் சேர்ந்த கனிமம். எஞ்சியது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதம். தசையும் கொழுப்பும் நீங்கிக் கடல்நீரில் கழுவப்பட்டபின் அது தூயது, உறுதியானது, ஏறக்குறைய மணமற்றது. மணமே உயிரின் கசிவு என்று கருதிய மக்களுக்கு, கசிவு நின்று திண்மை மட்டும் எஞ்சிய எலும்பு, காக்கும் பொருளாகத் தோன்றியது முற்றிலும் பொருந்துகிறது.

இங்கே குடியேறிய தமிழர் இவ்வழக்கத்தைக் கேட்டு முகம் சுளிப்பதை நான் கண்டிருக்கிறேன். சுளிக்க வேண்டியதில்லை. சுடலையில் மறுநாள் பால் தெளித்து, காடாற்றி, எலும்பைப் பொறுக்கிக் கலயத்தில் இடுவது நம் வழக்கம். பிறகு அதைக் கடலில் கரைக்கிறோம். அந்தமானியரும் அதே கடலுக்கு எலும்பைக் கொண்டு சென்றனர். கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்தனர். நாம் நீரிடம் ஒப்படைப்பதை அவர்கள் நீரிடமிருந்து பெற்றுக்கொண்டனர். நம் முன்னோரும் ஒரு காலத்தில் எலும்பை விட்டுவிட்டவர் அல்லர். ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் அகழ்ந்த முதுமக்கள் தாழிகளில் எலும்புகளோடு, நெற்றியில் கட்டும் பொற்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் இருந்தன. பிணத்தை முதலில் ஓரிடத்தில் கிடத்திச் சதை நீங்கியபின் எலும்பைத் தாழியில் இடும் இரண்டாம் புதைப்பு, தென்னாட்டுப் பெருங்கற்காலத்தில் பரவலாக இருந்தது. மயிலாப்பூரில் பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் குடத்தில் காக்கப்பட்டு, திருஞானசம்பந்தர் பாட உயிர்பெற்றன என்னும் தொன்மம் இன்றும் ஆண்டுதோறும் விழாவாகிறது. காரைக்காலம்மையாரின் சோழர்காலச் செப்புப் படிமங்களில் விலாவெலும்பு எண்ணத்தக்கதாய்ப் புடைத்து நிற்கிறது. தசையை உதறிய மேனியே இறைவனை அணுகத் தக்கது என்று கருதிய சமயம் நம்முடையது. பங்குனி உத்திரத்தில் இந்நகரின் தமிழர் நீறு பூசிய மேனியோடு முருகனுக்குக் காவடி எடுக்கையில், உடலையே வழிபாட்டின் கருவியாக்கும் அப்பழைய எண்ணம் இம்மண்ணில் புதிதாகக் கால்வைக்கவில்லை; அதற்கு முன்பே இங்கே அது குடியிருந்தது.

ஆனால் தமிழ்ச் சிற்பியின் வழியும் அந்தமானியப் பெண்ணின் வழியும் ஓரிடத்தில் பிரிகின்றன. சுவாமிமலைத் தபதியர் தென்னையோலை நறுக்கை மடித்து மடித்து ஒடியோலை என்னும் அளவுகோல் செய்வர். படிமத்தின் முழு உயரத்தை அது பகுக்கும். பெருந்தெய்வங்களுக்கு 124 பங்கு, தேவியர்க்கு 120, அப்பகுப்பில் முகம், கழுத்து, மார்பு, தொடை எல்லாம் அளவாகக் கிடைக்கும். எந்த மாந்தரின் உடலும் அவ்வளவுக்கு முற்றப் பொருந்தாது. பொருந்தாமையே அதன் நோக்கம். இறையுடல் மாந்தவுடலின் தூய்மையான வடிவம் என்று அந்த ஓலை சொல்கிறது. அந்தமானியக் கலையோ உள்ள உடலை உள்ளபடியே ஏற்றது. முதியவரின் தளர்ந்த மார்பும் குழந்தையின் உப்பிய வயிறும் அதே கோலத்துக்கு உரியன.

மூன்றாவது அளவொன்றும் இங்கே வந்தது. மாரிஸ் விடால் போர்ட்மன் என்னும் அலுவலர் 1890-களில் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்காக அந்தமானியரைப் படமெடுத்தார். கட்டங்கள் வரைந்த திரையின் முன் ஆடையின்றி நிறுத்தி, முன்னும் பக்கமும் எடுத்தார்; உடலளவுகளையும் மருத்துவக் குறிப்புகளையும் தொகுத்தார். அதற்கு முன்பே இலண்டனில் வில்லியம் ஹென்றி ஃபிளவர், இங்கிருந்து சென்ற எலும்புக்கூடுகளையும் மண்டையோடுகளையும் அளந்து 1879-இல் ஆய்வுரை வெளியிட்டிருந்தார். மனைவியர் தோளிலும் தாயர் மார்பிலும் கிடந்த எலும்புகளும் பேழைகளில் அடைந்து கடல் கடந்தன. இதை அறிவியல் என்று நான் முழுமனத்தோடு சொல்ல மாட்டேன். அளவு துல்லியமாயிருந்தது, எதை அளக்கிறோம் என்ற அறிவு இல்லை. ஒரு மண்டையோட்டின் கொள்ளளவைக் குறித்தவர்கள், அதன்மேல் படிந்திருந்த செங்காவி எவருடைய விரலால் பூசப்பட்டது என்று குறிக்கவில்லை.

நம் காலத்து அளவு அதைவிடக் கனிந்தது. ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் நடுவத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் முதலியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, தாய்வழி மரபணுத் தடத்தால் ஓங்கேயரையும் பெரிய அந்தமானியரையும் ஆராய்ந்து, பிறவிடத்து மக்களினின்று மிகத் தொன்மையிலேயே பிரிந்த கிளைகளை அவர்களிடம் கண்டது. பிரிவின் காலத்தைப் பற்றிப் பின்வந்தோர் மாறுபட்டனர். கிளையின் தொன்மை ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது. இதற்கு எவர் எலும்பும் தேவைப்படவில்லை.

களிக்கோலம் இன்னும் அழியவில்லை. 2011 கணக்கெடுப்பில் இத்தீவுகளின் மற்றொரு தொல்குடியான ஜாரவா மக்கள் 380 பேர், ஓங்கேயர் 101 பேர், பெரிய அந்தமானியர் 44 பேர். ஜாரவா மக்கள் இன்றும் காட்டில் தம் மேனியில் வெண்களி தீட்டுகின்றனர். 1956-ஆம் ஆண்டுத் தொல்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அவர்கள் நிலத்துள் பிறர் நுழைவதைத் தடுக்கிறது. அவர்களைப் படமெடுப்பதும் குற்றம். அத்தடையை நான் முழுதும் வரவேற்கிறேன். கலைவரலாறு எழுதுவோர்க்கு அது இழப்பு என்று சொல்வோர் உளர். ஒருவர் முதுகில் அவருடைய மனைவி இட்ட கோலம், அவர்கள் காட்டினூடே செல்லும் நெடுஞ்சாலையில் விரையும் வண்டியின் சாளரத்துக்காக இடப்பட்டதன்று. காண்பதற்கு உரியவர் கண்டால் போதும்.

அயலார் அறியத்தக்க வாயில் ஒன்று வேறிடத்தில் திறந்தது. மொழியியலறிஞர் அன்விதா அப்பி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்ட்ரெய்ட் தீவிலும் போர்ட் பிளேரிலும் வாழ்ந்த எஞ்சிய பெரிய அந்தமானியரிடம் அவர்கள் மொழியைப் பயின்றார். அவருக்குக் கற்பித்தவர்களுள் ஒருவரான போவா என்னும் மூதாட்டி 2010 சனவரியில் மறைந்தபோது, பத்துக் குழுக்களின் மொழிகளுள் ஒன்றாகிய போ மொழியை அறிந்தவர் எவரும் இல்லாமற் போயினர். அப்பி கண்டது இது: பெரிய அந்தமானியர் மொழியின் இலக்கணம் முழுதும் மாந்த உடலின்மேல் கட்டப்பட்டது. உடல் ஏழு கூறுகளாகப் பகுக்கப்படுகிறது. வாயும் அதைச் சார்ந்தவையும் ஒரு கூறு, விரல்கள் முதலிய கடையுறுப்புகள் ஒரு கூறு, உள்ளுறுப்புகள் ஒரு கூறு, இவ்வாறு ஏழு. ஒவ்வொரு கூறுக்கும் ஒரு முன்னொட்டு. அம்முன்னொட்டு உறுப்புப் பெயரோடு நில்லாமல், வினைச்சொல்லிலும் பண்புச்சொல்லிலும் ஏறி, ஒரு செயல் உடலின் எப்பகுதியைச் சார்ந்தது என்று காட்டிவிடும். உள்ளிருந்து எழும் செயலுக்கு உள்ளுறுப்பின் ஒட்டு. வாயாற் செய்வதற்கு வாயின் ஒட்டு. மொழிகளின் பெயர்களில் முன்நிற்கும் 'ஆக்கா' என்பதும் வாயைக் குறிக்கும் அவ்வகை ஒட்டே. அவர்கள் தோலில் எழுதிய சமயத்துக்கும் நாவில் வழங்கிய இலக்கணத்துக்கும் அடித்தளம் ஒன்றாயிருந்தது.

அவ்விலக்கணத்தில் ஒரு விதி, அருங்காட்சியகப் பேழைகளுக்கு நேராக வந்து நிற்கிறது. உடலுறுப்பின் பெயரை உரியவரின்றித் தனித்துச் சொல்ல அம்மொழி இடந்தராது. தலை என்று மட்டும் சொல்லுதல் இயலாது. என் தலை, உன் தலை, அவள் தலை என்றே சொல்லியாக வேண்டும். உறவுமுறைப் பெயர்களும் அவ்வாறே. இலண்டனிலும் ஆக்சுபோர்டிலும் உள்ள தொகுப்புகளின் பதிவேடுகளில், அந்தமானிலிருந்து வந்த மண்டையோடு, தாடை, எலும்பு மாலை என்று எண்ணிட்ட வரிகள் உள்ளன. அம்மொழியில் அவ்வரிகளை எழுதியிருந்தால், யாருடையது என்பதை எழுதாமல் ஒரு வரியைக்கூட முடித்திருக்க இயலாது.